மருந்து வழக்குக்கு வக்கீல் தேடுவது: பாம்பனிலிருந்து சில குறிப்புகள்

மெடிக்கலில் மாத்திரை போட்டுத் தருவார்களே, உள்ளங்கை அகலத்தில் ஒரு காகிதக் கவர், அதிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் வீட்டில் அப்படி இரண்டு கவர் இருந்தது. ஒன்றில் "தினம் 1 காலை", இன்னொன்றில் "வாரம் 1 வியாழன்" என்று நீலப் பேனாவில் எழுதியிருந்தது. கையெழுத்து தெளிவுதான். உள்ளே இருந்த மாத்திரைதான் மாறியிருந்தது.

அம்மா சின்னப்பாலத்தில் பாசி எடுக்கிறவர். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, தீவுப் பக்கம் முங்கி முங்கி முப்பது வருஷம். முட்டியெல்லாம் வீங்கி, காலையில் டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல் போனபோது மதுரைக்குக் கூட்டிப் போனேன். முடக்குவாதம் என்றார் டாக்டர். மெத்தோட்ரெக்ஸேட் 7.5 மில்லிகிராம் வாரத்தில் ஒரே நாள், வியாழக்கிழமை. ஃபோலிக் ஆசிட் தினமும் ஒன்று. சீட்டில் அப்படித்தான் எழுதினார், வாயாலும் சொன்னார். மருந்தை ஊருக்கு வந்து வாங்கினோம். இரண்டுமே சின்ன மஞ்சள் மாத்திரை. தினமும் போட வேண்டியது வாரக் கவருக்குள்ளும், வாரம் ஒருமுறை போட வேண்டியது தினசரிக் கவருக்குள்ளும் போய்விட்டது.

மெத்தோட்ரெக்ஸேட் புற்றுநோய்க்கும் கொடுக்கிற மருந்து. மூட்டுக்கு வாரம் ஒருமுறை என்ற கணக்கை மீறித் தினமும் உள்ளே போனால் எலும்பு மஜ்ஜை ரத்த அணு உண்டாக்குவதை நிறுத்த ஆரம்பிக்கும், வாய் முதல் குடல் வரை புண்ணாகும். அம்மா 11 நாள் சாப்பிட்டார். ஒன்பதாம் நாள் வாய் வெந்து கஞ்சிகூட இறங்கவில்லை. வெயில் சூடு என்று நினைத்து மோர் கொடுத்தேன். காய்ச்சல் வந்த பிறகுதான் ராமநாதபுரம், அங்கிருந்து மதுரை. வெள்ளையணு அடியோடு குறைந்திருந்தது. லூகோவோரின் ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார்கள். 16 நாள் படுக்கை.

அதற்குப் பிறகு நான் மூன்று வக்கீல்களைப் பார்த்தேன். நம் கரையில், மண்டபத்திலோ தங்கச்சிமடத்திலோ கீழக்கரையிலோ தொண்டியிலோ, இதே நிலையில் யாராவது இருந்தால் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

வக்கீலிடம் போகும் முன்னால் வீட்டிலேயே ஒரு கேள்விக்குப் பதில் தேடுங்கள். தவறு யார் கையில் நடந்தது? டாக்டர் எழுதியதிலா, மெடிக்கல் கொடுத்ததிலா, கம்பெனி தயாரித்ததிலா, ஆஸ்பத்திரியில் நர்ஸ் போட்ட ஊசியிலா? இல்லை, எல்லோரும் சரியாகச் செய்தும் அந்த உடம்புக்கு அந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா? வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபின் சிலருக்குத் தோலையே உரித்துவிடும். அது யாரும் தப்பு செய்யாமலும் நடக்கும், முன்பே ஒவ்வாமை என்று சொல்லியும் எழுதிக் கொடுத்ததாலும் நடக்கும். மருந்தால் கெடுதல் வந்தது என்பது மட்டுமே வழக்காகிவிடாது. இதை உங்களுக்கு முகத்துக்கு நேரே சொல்கிற வக்கீலை நம்பலாம்.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருளால் வரும் தீங்குக்கென்றே தனி அத்தியாயம் உண்டு, 82 முதல் 87 வரை பிரிவுகள். தயாரித்தவர் எப்போது பொறுப்பு என்று 84 சொல்கிறது. தயாரிப்பில் கோளாறு, வடிவமைப்பில் கோளாறு, சரியாகப் பயன்படுத்தும் முறையோ எச்சரிக்கையோ போதுமான அளவு இல்லாதது, இப்படி. விற்றவர் எப்போது பொறுப்பு என்று 86. தயாரித்தவர் சொன்ன எச்சரிக்கையையும் பயன்படுத்தும் முறையையும் வாங்கியவருக்குக் கடத்தாமல் விட்டால் விற்றவரும் பதில் சொல்ல வேண்டும் என்பது அதற்குள் வருகிறது. எங்கள் வழக்கு நின்றது இந்த இடத்தில்தான். 87 எதிர்த் தரப்புக்கான வாசல். நிபுணர் மேற்பார்வையில் மட்டுமே கொடுக்க வேண்டிய பொருள், அந்த நிபுணருக்கு எச்சரிக்கை கொடுத்துவிட்டோம் என்று கம்பெனி சொல்லித் தப்பிக்கலாம். டாக்டர் எழுதித் தராத மருந்தின் தாக்கத்தில் இருந்தார் என்றும் சொல்லலாம். சீட்டு இல்லாமல் "போன தடவை கொடுத்ததையே கொடுங்கண்ணே" என்று வாங்கிச் சாப்பிட்டவர்களுக்கு இது பெரிய இடி. அப்படி வாங்கியிருந்தால் வக்கீலிடம் மறைக்காதீர்கள்.

மருந்து வழக்கு என்று வருகிறவரிடம் வக்கீல் இந்த 84, 86, 87 மூன்றையும் பிரித்துப் பேசுகிறாரா என்று கவனியுங்கள். எண்களைச் சொல்லத் தேவையில்லை. "யாரை எதிர்மனுதாரராப் போடுறது, ஏன்?" என்று நீங்கள் கேட்டால் காரணத்தோடு பதில் வரவேண்டும். எல்லோரையும் சேர்த்துப் போட்டுவிடலாம் என்பவர் யோசிக்கவில்லை என்று அர்த்தம். எங்கள் மதுரை டாக்டர் மேல் ஒரு குற்றமும் இல்லை. அவரைச் சேர்த்திருந்தால், எங்களுக்குச் சாட்சியாக நிற்க வேண்டியவரை நாங்களே எதிராளியாக்கியிருப்போம்.

முதலில் பார்த்தவர் நல்ல பேச்சுக்காரர். உறவுக்காரர் ஒருவர் சொல்லி அனுப்பினார். நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு நிமிஷம் இருக்காது, "பத்து லட்சம் வாங்கிடலாம்மா. இப்ப ஒண்ணும் தர வேணாம், வர்றதுல மூணுல ஒரு பங்கு" என்றார். கவரை நான் பையிலிருந்து எடுக்கவே இல்லை. வக்காலத்துத் தாளை நீட்டிக் கையெழுத்து மட்டும் போடச் சொன்னார். அம்மா பேரும் எதிராளி பேரும் எழுதாமல் வெறுமையாக இருந்தது.

நான் அப்போது நெகிழ்ந்துதான் போனேன். கையில் காசில்லாத வீட்டுக்கு, ஜெயித்தால் மட்டும் கொடு என்பது எவ்வளவு பெரிய ஆறுதல். வளைகுடாவில் இருக்கும் சித்தி மகன் அனுப்பிய அமெரிக்க வீடியோவிலும் அதையேதான் சொன்னார்கள். அமெரிக்காவில் அது முறைதான். அங்கே ஒரே மருந்தால் பாதிக்கப்பட்ட ஆயிரக்கணக்கானவர்களின் வழக்கைப் பெரிய நிறுவனங்கள் தங்கள் செலவில் நடத்தி, கிடைப்பதில் பங்கு எடுக்கும். நம் நாட்டில் அது தடை. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதும் கிடைக்கும் பணத்தில் பங்கு கேட்பதும் கூடாது என்று இந்திய பார் கவுன்சில் விதி சொல்கிறது. விளம்பரம் செய்து கட்சிக்காரரைப் பிடிப்பதும் கூடாது. ஆன்லைனில் வக்கீல்களைத் தரம் பிரித்துப் பட்டியல் போட்டு ஆள் பிடித்துத் தரும் தளங்கள் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவிட்டது. அதனால் நட்சத்திரக் குறிகளைப் பார்த்து வக்கீலைத் தேர்ந்தெடுக்காதீர்கள். முதல் சந்திப்பிலேயே தன் தொழில் விதியை மீறுகிறவர், நம் வழக்கில் எதை மீறுவார் என்று நமக்குத் தெரியாது.

இரண்டாமவர் மதுரையில் ஒரு நிறுவனம். ஏழெட்டு வக்கீல்கள், ஏசி அறை, மருத்துவ வழக்குகளில் பழக்கம் உள்ளவர்கள். கட்டணம் எங்கள் கைக்கு எட்டாது என்று நினைத்துத்தான் போனேன், ஆனால் தடை அதில்லை. பில்லில் இருந்த கடைப் பெயரைப் பார்த்ததும் மூத்த வக்கீல், "இவங்க சொந்தக்காரங்க வேற ஒரு விஷயத்துல எங்க கட்சிக்காரங்க. நாங்க எடுக்கக் கூடாது" என்று சொல்லி, ஆலோசனைக்குக் காசும் வாங்காமல் அனுப்பினார். அந்த நேர்மைக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். நம் மாவட்டம் சின்னது. மெடிக்கல் கடைக்காரர், நர்சிங் ஹோம்காரர், இன்சூரன்ஸ் கம்பெனி என்று யாருக்காவது எந்த வக்கீலும் ஆஜராகியிருப்பார். நீங்களே வாய் திறந்து கேளுங்கள்: "இந்தக் கடைக்கோ இந்த ஆஸ்பத்திரிக்கோ நீங்க முன்னாடி ஆஜராகியிருக்கீங்களா சார்?" இதைக் கேட்டால் கோபப்படுகிறவரிடம் மேற்கொண்டு பேச வேண்டாம்.

நிறுவனமாக நடத்துகிறவர்களிடம் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும். வாய்தா அன்று ராமநாதபுரத்துக்கு வரப்போவது யார்? பெயர்ப் பலகையில் இருப்பவரா, போன வருஷம் சேர்ந்த ஜூனியரா? ஜூனியர் வருவது தப்பில்லை. அந்த ஜூனியருக்கு வழக்கு தெரிந்திருக்க வேண்டும், அவர் போன் நம்பர் உங்களிடம் இருக்க வேண்டும்.

வழக்கை எங்கே போடுவது என்பதிலும் பலர் ஏமாறுகிறார்கள். பெரிய தொகை கேட்டால் சென்னைக்குப் போகணும் என்று சொல்வார்கள். 2019 சட்டப்படி நாம் கேட்கும் நஷ்டஈடு கணக்கில்லை. பொருளுக்கோ சேவைக்கோ நாம் கொடுத்த விலைதான் கணக்கு. அது 50 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையமே விசாரிக்கும். மாத்திரைக்குக் கொடுத்தது சில நூறு ரூபாய். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுக் கட்டணமே கிடையாது. கடை எந்த ஊரில் இருந்தாலும், கம்பெனி குஜராத்தில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், அதற்கும் சட்டத்தில் இடம் உண்டு. பாம்பனிலிருந்து பஸ் ஏறி, பாலம் தாண்டி, ராமநாதபுரத்தில் இறங்கினால் போதும். இதைத் தெரிந்துவைத்துக்கொண்டே "எங்க போடலாம் சார்?" என்று தெரியாததுபோல் கேட்டுப் பார்க்கலாம். பதிலிலேயே ஆளின் அனுபவம் தெரிந்துவிடும்.

இலவசமாகவே எல்லோருக்கும் மருத்துவம் தரும் அரசு ஆஸ்பத்திரியில் நடந்த தவறு என்றால் பாதை வேறு. 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படிப்பட்ட இலவசச் சேவையை நுகர்வோர் சட்டத்துக்கு வெளியே வைத்துவிட்டது. அதற்கு சிவில் கோர்ட் அல்லது உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. அந்த அனுபவம் உள்ள வக்கீலைத்தான் தேட வேண்டும்.

மூன்றாமவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ராமநாதபுரத்தில் ஒரு வக்கீலம்மா. நுகர்வோர் ஆணையத்தின் உத்தரவுகள் இணையத்தில் கிடைக்கும், ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் எந்தத் தரப்புக்கு எந்த வக்கீல் என்று போட்டிருக்கும். நான் வேலை பார்க்கும் ஐஸ் பிளாண்டில் கணக்கு முடித்த பிறகு உட்கார்ந்து நம் மாவட்ட உத்தரவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து படித்தேன். மருத்துவம், மருந்து சம்பந்தப்பட்டதில் பாதிக்கப்பட்டவர் பக்கம் யார் நின்றார்கள் என்று குறித்துக்கொண்டேன். அவர் பேர் அப்படித்தான் கிடைத்தது. நான் படித்ததில் ஒன்றில் அவர் தோற்றிருந்தார். போனதும் அதைப் பற்றியே கேட்டேன். "டிஸ்சார்ஜ் சம்மரியில மருந்தாலதான்னு எழுதி வாங்கல. அது என் தப்பு" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரிடம் கொடுக்கலாம் என்று தோன்றியது.

தொகை பற்றி அவர் பேசவே இல்லை. சீட்டு, பில், கவர், மிச்ச மாத்திரை நான்கையும் மேஜையில் வரிசையாக வைக்கச் சொன்னார். பில்லைப் பார்த்தவர் விரலை ஓரிடத்தில் வைத்தார். மெத்தோட்ரெக்ஸேட் 30, ஃபோலிக் ஆசிட் 4 என்று இருந்தது. சீட்டுப்படி இது தலைகீழாக இருக்க வேண்டும். நான் அந்தப் பில்லை நூறு தடவை பார்த்திருப்பேன், விலையைத்தான் பார்த்தேன், எண்ணிக்கை கண்ணில் படவே இல்லை. ஸ்ட்ரிப்பில் எத்தனை குழி காலி என்று எண்ணினார். பதினொன்று.

பிறகு கேட்டார்.

"அம்மாவுக்குப் படிக்கத் தெரியுமா?"

"பேரு மட்டும் எழுதுவாங்க மேடம்."

"அப்ப மாத்திரை எடுத்துக் குடுத்தது யாரு?"

"நான்தான் மேடம்."

"சீட்டைப் பாத்துக் குடுத்தீங்களா?"

"கவரைப் பாத்துத்தான் குடுத்தேன்."

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. தண்ணீர் கொடுத்தார். "அவங்க வக்கீல் முதல்ல இதைத்தான் கேப்பார். இதே பதிலைச் சொல்லுங்க, ஒரு எழுத்து மாத்தாதீங்க. கவர்ல எழுதுறது எதுக்கு? நம்பித்தானே குடுப்பாங்க" என்றார். நம் வழக்கின் பலவீனமான இடத்தை முதல் நாளே தொட்டுக் காட்டுகிறவர்தான் வேண்டும். நம்மைச் சுடும் கேள்வியை அறைக்குள் நம்மவர் கேட்டுவிட்டால், ஆணையத்தில் எதிராளி கேட்கும்போது கால் நடுங்காது.

அன்று அவர் வக்காலத்தும் வாங்கவில்லை. மூன்று வேலை கொடுத்து அனுப்பினார். ஒன்று, மதுரை ஆஸ்பத்திரியில் முழு கேஸ் ஷீட் கேட்டு எழுத்தில் மனு கொடுப்பது. மருத்துவ கவுன்சிலின் 2002 விதிப்படி கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். இரண்டு, டிஸ்சார்ஜ் சம்மரியில் மெத்தோட்ரெக்ஸேட் தினமும் சாப்பிட்டதால் வந்த நச்சுத்தன்மை என்று இருக்கிறதா எனப் பார்ப்பது. இருந்தது, நல்லவேளை. மூன்று, மாவட்ட மருந்து ஆய்வாளருக்குப் புகார். மருந்துப் பாதகங்களைப் பதியும் தேசியத் திட்டத்துக்கும், 1800-180-3024 என்ற இலவச எண்ணில், தகவல் சொல்லச் சொன்னார். அதனால் நஷ்டஈடு வராது, ஆனால் இன்னொரு வீட்டுக்கு உதவும் என்றார். மருந்தே போலி, தரம் குறைந்தது என்ற சந்தேகம் இருந்தால் 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டம் 26ஆம் பிரிவுப்படி, கட்டணம் கட்டி அரசுப் பகுப்பாய்வாளரிடம் நாமே சோதனைக்குக் கொடுக்கலாம் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். அதனால் மிச்ச மாத்திரையைக் கோபத்தில் கடலில் வீசிவிடாதீர்கள்.

கட்டணம் விஷயத்துக்கு வருகிறேன். மொத்தம் எவ்வளவு, எந்தக் கட்டத்தில் எவ்வளவு, டைப்பிங், ஜெராக்ஸ், குமாஸ்தா செலவு அதற்குள் அடக்கமா, மேல்முறையீடு வந்தால் தனியா என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். அவர் மூன்று தவணைக்கு ஒத்துக்கொண்டார். கொடுத்த ஒவ்வொரு தொகைக்கும் ரசீது. இதில் கூச்சப்படவே கூடாது, ஏனென்றால் 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. மெடிக்கல்காரர் மேல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், அந்த வழக்கைக் கெடுத்த வக்கீல் மேல் அங்கே போக முடியாது. ஒழுங்கீனம் என்றால் தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். ஆகவே ஆரம்பத்திலேயே தாளில் வாங்கிக்கொள்வதுதான் நமக்குப் பாதுகாப்பு.

அசல் ஆவணங்களை ஒப்படைக்காதீர்கள். ஜெராக்ஸ் கொடுங்கள், ஆணையத்தில் காட்ட வேண்டிய நாளில் அசலோடு போங்கள். வக்கீலை மாற்ற வேண்டி வந்து, அவர் பாக்கிப் பணத்துக்காக வழக்குக் கட்டைப் பிடித்து வைத்தால், அப்படிச் செய்ய அவருக்கு உரிமை இல்லை என்று 2000இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கவரை லேமினேஷன் செய்யாதீர்கள். பின்னால் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டி வரலாம்.

காசே இல்லாதவர்கள் கோர்ட் வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் இவர்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. 15100க்குப் போன் செய்தும் கேட்கலாம். பாதிக்கப்பட்டவர் என் அம்மா என்பதால் எங்களுக்கும் அது பொருந்தும் என்று எனக்கு அப்போது தெரியாது. வக்கீல் இல்லாமலே மனுப் போடவும் சட்டம் இடம் தருகிறது. மளிகைச் சாமான் வழக்கென்றால் நானே போட்டிருப்பேன். மருந்து வழக்கில் டாக்டர் சாட்சியம், குறுக்கு விசாரணை எல்லாம் வருவதால் அந்தத் துணிச்சலை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

எதற்கும் இரண்டு வருஷம்தான் கெடு. பாதிப்பு நடந்த நாளிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் ஏற்கலாம், ஆனால் அதை நம்பிக் காலம் கடத்தக் கூடாது. கடைக்காரர் ஆள் விட்டுப் பேசுவார், "மீன்பிடித் தடைக்காலம் முடியட்டும், பாத்துச் செய்றோம்" என்பார். எங்களுக்கும் அப்படி நாலு மாதம் போனது. பேச்சு பேச்சாக நடக்கட்டும், நோட்டீஸ் போகட்டும். மனு ஏற்கப்பட்ட பிறகு எதிராளி பதில் தர 30 நாள், கூடுதலாக 15 நாள், அதற்கு மேல் கிடையாது. சட்டம் மூன்று மாதத்தில் முடிக்கப் பார் என்கிறது. நிஜத்தில் இழுக்கும். எவ்வளவு இழுக்கும் என்று வக்கீலிடம் கேளுங்கள், மூன்று மாதம் என்று சத்தியம் செய்கிறவரை நம்பாதீர்கள். உத்தரவு வந்த பின் 45 நாளுக்குள் தோற்றவர் மாநில ஆணையத்துக்குப் போகலாம், அதற்கு மதுரையில் கிளை இருக்கிறது. பணம் கட்ட வேண்டியவர் மேல்முறையீடு செய்தால் உத்தரவுத் தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். அந்த வழக்கையும் இவரே நடத்துவாரா என்பதை முதல் நாளே கேட்டு அந்தத் தாளில் எழுதிவிடுங்கள்.

எங்கள் வழக்கில் சாட்சியம் முடிந்தது. நான் கூண்டில் நின்று, கவரைப் பார்த்துத்தான் கொடுத்தேன் என்று சொல்லிவிட்டேன். அடுத்த வாய்தாவுக்கு இரண்டு கவரையும் அசலாகக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் வக்கீலம்மா. பாலிதீன் உறைக்குள் போட்டு, பீரோவில் அம்மாவின் ரேஷன் கார்டுக்குக் கீழே வைத்திருக்கிறேன். அன்றைக்கு அம்மாவும் வருகிறேன் என்கிறார். வியாழக்கிழமையாக இருந்தால் மாத்திரையைப் போட்டுவிட்டு ஏழு மணி பஸ்ஸில் ஏறுவோம்.